ராமு செய்த குற்றம் என்ன?

"அப்பா, என்னாலதானே ராமு போச்சு?"

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது என் ஐந்து வயது மகள் கேட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ராமு எங்கள் அல்வால் தெருவில் பிறந்த நாய்க்குட்டி. மழையில் நடுங்கிக்கொண்டு நின்றதை மகள்தான் தூக்கி வந்தாள். இரண்டு மாதத்தில் அவளுக்கு ராத்திரி இருமல், அப்புறம் இழுப்பு. உடனே தீர்ப்பும் வந்துவிட்டது. எதிர்வீட்டு ஆன்ட்டி நாயைக் கை காட்டினார். கும்பகோணத்திலிருந்து மாமியார் போனில், "மாப்பிள்ளை, முதல்ல அந்த நாயை எங்கயாவது விட்டுட்டு வாங்க" என்றார். தங்கமணி மட்டும் "டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யலாமே" என்றாள். நான் கேட்கவில்லை. மேட்சல் பக்கம் நண்பர் ஒருவரின் மாந்தோப்பில் கொண்டுபோய் விட்டேன். இரண்டாவது வாரமே கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். தேடியும் கிடைக்கவில்லை.

இழுப்பு நிற்கவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் அலர்ஜி டாக்டரிடம் போனோம். கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து லேசாகக் குத்திப் பார்த்தார்கள். நாய்க்கு ஒன்றுமில்லை. வீட்டுத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குத்தான் தடித்து வீங்கியது. அது அதிகம் குடியிருப்பது மெத்தையில், தலையணையில். மகள் படுத்தது ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை!

அதற்காக, நாயால் அலர்ஜியே வராது என்று சொல்ல வரவில்லை. நிச்சயம் வரும். ஆனால் நாம் நினைப்பதுபோல முடி மட்டும் காரணமில்லை. நாயின் எச்சில், உதிரும் தோல் பொடி, சிறுநீர் இவற்றில் உள்ள புரதம்தான் காரணம். நாயை அனுப்பிய பிறகும் அது சோபாவிலும் திரையிலும் மாதக்கணக்கில் தங்கும். அதனால் "நாய் போய் ஒரு மாசமாச்சு, இன்னும் இருமுதே, அப்போ நாய் காரணமில்லை" என்று முடிவு கட்டுவதும் தப்புதான்.

"முடி கொட்டாத ஜாதி நாய் வாங்குங்க" என்பார்கள். 2009-ல் ஒபாமா வீட்டிலும் மகளின் அலர்ஜியை நினைத்து அப்படித்தான் 'போ' என்ற நாயைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 2012-ல் நெதர்லாந்தில் அளந்து பார்த்தபோது, அந்த வகை நாய்களின் முடியில் அந்தப் புரதம் குறைவாக இல்லை. 2015-ல் சுவீடனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், முதல் வயதில் நாயோடு வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் ஆஸ்துமா சற்றுக் குறைவாகவே இருந்தது. அதற்காக, ஏற்கெனவே இழுப்பு உள்ள குழந்தைக்கு நாய் மருந்தாகிவிடாது.

மருந்து என்றதும் ஹைதராபாத்காரர்களுக்கு நாம்பள்ளி எக்ஸிபிஷன் மைதானம் ஞாபகம் வரும். ஜூன் மாதம் மிருகசீரிஷ கார்த்தியன்று உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் மருந்தை வைத்து விழுங்கத் தருவார்கள். எங்களையும் போகச் சொன்னார்கள். நம்பிக்கையோடு போகிறவர்களைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஆஸ்துமாவை அது குணமாக்கும் என்பதற்கு மருத்துவ நிரூபணம் இல்லை. "பழகிவிடும்" என்று நாம் பயப்படும் இன்ஹேலருக்கு நிரூபணம் இருக்கிறது. கொஞ்ச மருந்து, நேராக நுரையீரலுக்கே போகிறது. அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான். குழந்தைக்கு மூச்சு இழுத்தால் நாயை அப்புறம் பார்க்கலாம், முதலில் டாக்டரிடம் போங்கள். டெஸ்ட் முடிவையும், எங்கே எப்போது இழுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து அவர் சொல்லட்டும். நாய்தான் காரணம் என்றால், பாசம் பார்க்காமல் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். குழந்தையின் மூச்சு பெரிது. ஆனால் விசாரணை இல்லாமல் தீர்ப்பு வேண்டாம். ஒரு லட்ச ரூபாய் கடனுக்கு ஆறு பேப்பர் கேட்கிறவன் நான். ராமுவை வெளியேற்ற ஒரு பேப்பர்கூடக் கேட்கவில்லை.

இப்போது மெத்தை மாறிவிட்டது. பூச்சி புகாத உறை போட்டிருக்கிறோம். வாரம் ஒருமுறை விரிப்பைச் சுடுதண்ணீரில் துவைக்கிறோம். டாக்டர் சொன்னபடி இன்ஹேலரும் உண்டு. மகள் ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறாள்.

அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன்: "இல்லம்மா, உன்னால இல்லை. அப்பா அவசரப்பட்டுட்டேன்." கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ ராமுகிட்ட ஸாரி சொல்லணும்ல?" என்றாள்.

யாரிடம் போய்ச் சொல்வேன்?