படகில்லாதவர்களின் பேச்சுவார்த்தை

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. பாக் நீரிணைக் கரையில் இருதரப்பும் அடித்துக்கொண்டு ஓய்ந்தபின் வந்த ஏற்பாடு இது. மீறல்கள் உண்டு, இருந்தாலும் நிற்கிறது. எதிர்க்கரையான இலங்கையோடு இப்படியொன்று ஏன் கூடவில்லை என்று கேட்பவர்கள், அங்கே கேட்பது கிழமைக் கணக்கல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள். 2009-இல் போர் முடிந்து வடக்கு மீனவர்கள் மீண்டும் தொழிலுக்கு இறங்கியபோது அவர்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போனவை நம் விசைப்படகுகளின், கடலடியை வாரும் இழுவைமடிகள். 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியையே தடை செய்தது. அதற்கு முன்நின்றவர் தமிழ் உறுப்பினர் சுமந்திரன்.

இழுவைமடி வந்த வழி இடதுசாரிகளுக்குச் சற்றுச் சங்கடமானது. 1952-இல் நார்வேயை ஆண்டது தொழிலாளர் கட்சி. ஏழை நாட்டு மீனவரைக் கைதூக்கிவிட வேண்டுமென்ற அசலான தோழமையோடு, ஐ.நா.வையும் சேர்த்துக்கொண்டு இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டது. கொல்லம் பக்கம் நீண்டகரையில் தொடங்கிய திட்டம் 1960-களில் மண்டபத்துக்கும் வந்தது. இயந்திரப் படகு, பிறகு இறால், பிறகு ஏற்றுமதி. காசிருந்தவர் படகு வாங்கினார். இல்லாதவர் அதில் கூலிக்கு ஏறினார். அரசும் கட்சியும் பேசி முடித்த சர்வதேசியத்தில் அவரை யாரும் கேட்கவில்லை.

இன்றும் கேட்பதில்லை. 2010 முதல் சென்னை, கொழும்பு, தில்லி என்று நடந்த மீனவர் பேச்சுவார்த்தைகளில் நம் பக்கம் பெரும்பாலும் உட்கார்ந்தவர்கள் படகு உரிமையாளர்கள். ஓராண்டில் இழுவைமடியை நிறுத்துவதாக 2010-லேயே ஒப்புக்கொண்டார்கள், நிறுத்தவில்லை. பிடிபட்டால் உரிமையாளருக்குப் படகு போகிறது, அதுவும் சின்ன இழப்பல்ல. ஆனால் யாழ்ப்பாணச் சிறையில் கிடப்பவர் கூலி மீனவர். 2024 முதல் படகோட்டிகளுக்கு மாதக்கணக்கில் தண்டனையும் விழுகிறது.

தொழிலாளர் தரப்பே கடல் தாண்டிய காலமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை, இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சித் தோழர்களோடு இக்கரை வந்து, சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கே தலைவரானார். 1947-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை நடத்தினார். 1957-இல் வடசென்னையிலிருந்து மக்களவைக்கும் போனார். அன்று சங்கம் கடல் தாண்டியது. இன்று தோழர் என்று அழைத்துக்கொள்ளும் கட்சிகள் இருகரையிலும் இருக்கின்றன, ஜே.வி.பி. கொழும்பில் ஆட்சியிலேயே இருக்கிறது. மாநாட்டுக்கு மாநாடு வாழ்த்துச் செய்தி அனுப்பிக்கொண்டது போதும்.

சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி. மீனவர் சங்கங்கள் வடக்கின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களோடு நேரடியாக உட்கார வேண்டும். போகும்போது இழுவைமடிக்கு ஒரு கடைசி நாளைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். வெறுங்கையோடு போனால் அங்கே யாரும் நம்பப்போவதில்லை, நம்பவும் தேவையில்லை. பதிலுக்கு, கூலிக்காரரைச் சிறையில் போடுவதற்கு எதிராக அவர்களைப் பேசச் சொல்லலாம். இங்கே அரசிடம் கேட்க வேண்டியது வேறு. இழுவைப்படகுக்குப் பதில் ஆழ்கடல் படகு என்று 2017-இல் வந்த சூரைத் திட்டம் ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று படகுடையவரை வைத்துப் போட்ட கணக்கு. இழுவைப்படகை விட்டு இறங்கும் கூலி ஆட்களுக்கு எவ்வளவு என்பதை அடுத்த திட்டத்திலாவது எழுத வேண்டும்.