பூட்டிய பீரோவும் பள்ளிப் பாலரும்

மேட்டூரில் மதகு திறந்த நாள் தொட்டு, நீர் கல்லணை கடந்ததா, தலைப்பு கடந்ததா, கடைமடை சேர்ந்ததா என்று தஞ்சை நாட்டு ஜனங்கள் ஊருக்கு ஊர் விசாரித்தவண்ணம் இருப்பார்கள். முறை வைத்து விடும் நீர் இரண்டு நாள் தாமதித்தால் தாலூகா கச்சேரி வாயிலில் கூட்டம் கூடிவிடும். இத்துணை விழிப்புள்ள ஜனங்கள், தங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் மூலையில் நிற்கும் இரும்பு பீரோவினுள் அடைபட்டிருக்கும் புத்தகங்கள் தங்கள் பாலர் கைக்கு எப்பொழுது வந்து சேரும் என்று மட்டும் ஏன் விசாரிப்பதில்லை? அணையில் நீர் நிரம்ப இருந்தும் வயல் காய்வது போன்ற சங்கதி இது. இதனை இன்று சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

புத்தகம் இல்லை என்று சொல்லி இனித் தப்புவதற்கில்லை. 2009-ஆம் வருஷத்து இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் தேதி தொட்டு அமலில் இருப்பது, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் ஒன்று இருக்கவேண்டும் என்றும், அதில் பத்திரிகைகளும் கதைப் புத்தகங்கள் உட்படப் பல துறை நூல்களும் வைக்கப்படவேண்டும் என்றும் தன் அட்டவணையிலேயே விதித்திருக்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு நூலகச் செலவுக்காக வருஷம் 5,000 ரூபாய் என்று 2018-ல் ஏற்பாடாயிற்று. மாநில சர்க்காரும் வகுப்பறையில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிடும் ‘புத்தகப் பூங்கொத்து’ என்பதைக் கொண்டுவந்தது. 2022-ல் சிறுவர்க்கென ‘ஊஞ்சல்’ என்ற பத்திரிகையையும், 2023-ல் வாசிப்பு இயக்கத்தையும் தொடங்கிற்று. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வகுத்த அவ்வியக்கத்தின் சிறு நூல்கள் எளிமையானவை. பெயர்களும் அழகாகவே இருக்கின்றன. மத்திய சர்க்காருக்கும் மாநில சர்க்காருக்கும் கல்வி நிதி குறித்து 2024-ல் மூண்ட சச்சரவு வேறு விஷயம். பீரோ பூட்டியிருப்பதற்கு அது காரணமாகாது, ஏனெனில் அதற்கு முன்பும் பல ஊர்களில் அது பூட்டியே இருந்தது.

பூட்டுக்குக் காரணம் உபாத்தியாயரின் சோம்பல் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அறுபது பிள்ளைகள் வரையில் உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர் போதும் என்று மேற்சொன்ன சட்டமே கூறுகிறது. ஐந்து வகுப்புக்கு இருவர்! அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர் என்ற முறையில் பதிவேடுகளோடும் கைப்பேசியில் அனுப்பவேண்டிய புள்ளி விவரங்களோடும் மல்லுக்கு நிற்பவர். இருப்புக் கணக்குப் பார்க்க வரும் அதிகாரி, இத்தனை புத்தகம் வந்தது, இத்தனை இருக்கிறது, குறைந்தது எங்கே என்று கேட்பார். எத்தனை பிள்ளைகள் எத்தனை புத்தகம் படித்தார்கள் என்று கேட்கும் அதிகாரியைக் காண்பது அரிது. கிழிந்த புத்தகத்துக்குப் பதில் சொல்லவேண்டிய ஒருவர், படிக்கப்படாத புத்தகத்துக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை என்றால், விவேகமுள்ள எவரும் பூட்டத்தானே செய்வார்?

நிற்க. இருவர் ஐந்து வகுப்பை நடத்தவேண்டிய இடத்தில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணையாகக் கற்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. நாலைந்து பிள்ளைகள் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, தேடி, கேட்டு, எழுதி, ஒன்றாக முடிப்பதையே கூடிக் கற்றல் என்கிறோம். இதனைச் சீமையிலிருந்து வந்த நாகரிகம் என்று பரிகசிப்பவர் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். நமது திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் எழுத்துக் கற்பித்து வந்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளின் விடுதிக்கு மேற்பார்வையாளராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதைக் கண்டு தம் விடுதியிலும் கையாண்டு, 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்குச் சென்னை முறை என்றே பெயர் வழங்கிற்று. ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அங்கே அம்முறை பரவியதற்குப் பெரிய காரணம் அதன் மலிவு. ஒரு சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம் என்று கண்டுகொண்டார்கள். இங்கேயும் திண்ணையில் சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு இருந்தது. பிரம்பு பிடித்த சிறுவன் சொல்ல மற்றவர் ஒப்பிப்பதைக் கூடிக் கற்றல் என்று நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம்.

அண்மைக் காலத்தில் இதனைச் செம்மையாகச் செய்ய நடந்த முயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திர தேசத்து ரிஷிவேலியில் வளர்ந்த முறையை ஒட்டி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுமைக்கும் பரவியது. பலகையும் மேசையும் போய்ப் பாய் விரிக்கப்பட்டது. கற்றல் ஏணி, அட்டைகள், பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் என்று வகுப்பறையின் தோற்றமே மாறிற்று. உபாத்தியாயர் துணையோடு கற்கும் குழு, தோழர் துணையோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று பிள்ளைகள் பிரிந்து அமர்ந்தார்கள். அச்சம் நீங்கிற்று என்பதை எதிரிகளும் மறுக்கவில்லை. குறை எங்கே என்றால், ஏணியின் படிகளும் அட்டையின் வரிசையும் மேலிடத்திலிருந்து வந்தன. அட்டை கிழிந்தால் மறு அட்டை வர நாளாயிற்று. கீழத்தஞ்சையில் ஒரு வாய்க்கால் கரைப் பிள்ளைக்கும் தருமபுரி மலையடிவாரப் பிள்ளைக்கும் ஒரே அட்டை. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் படிநிலையறிந்து கற்பிக்கிறது. எழுத்தறிவுக்கு அது வேண்டியதே. எழுத்தறிந்த பின் அப்பிள்ளை எதைப் படிப்பது, எதற்காகப் படிப்பது என்ற கேள்வி அங்கே தொடங்குகிறது. அதற்கு விடை பீரோவில் இருக்கிறது.

நாம் சொல்வது விளங்க ஓர் உதாரணம் காட்டுகிறோம். நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவரிடம், ‘நம் ஊர் வாய்க்காலில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்ற ஒரே கேள்வியைக் கொடுத்து ஒரு மாதம் தவணை விட்டால் என்ன நடக்கும்? ஒருவன் தேசப்படத்தில் மேட்டூரையும் கல்லணையையும் தேடவேண்டும். ஒருத்தி தன் பாட்டனாரிடம் போய், எந்த மதகிலிருந்து எந்தக் கண்ணிக்கு முறை என்று கேட்டுவரவேண்டும். மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் 1934-ல் வந்தவை என்று ஒரு புத்தகத்தில் காண்கிற பிள்ளை, தஞ்சைப் பக்கத்தார் அக்கால்வாயை இன்றும் ‘புது ஆறு’ என்று ஏன் சொல்கிறார்கள் என்பதைத் தானே கண்டுகொள்வாள். வேகமாகப் படிக்கத் தெரியாத பிள்ளை படம் வரைவான். வரைவதற்காகப் பக்கத்துப் பிள்ளையைப் படித்துக்காட்டச் சொல்வான். முடிவில் நால்வர் தேடியதும் ஒருவன் வரைந்ததும் சேர்த்துத் தைத்த கையெழுத்துப் புத்தகம் ஒன்று அதே பீரோவில் ஏறும். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதைப் படித்து, அதிலுள்ள பிழையைத் திருத்துவார்கள். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். பூட்டுத் திறந்தால் போதும்.

நெல்லைப் பற்றியும் இதுபோலச் செய்யலாம். திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டு ஜெயராமன், 2018-ல் காலமானவர், மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் முதலாக 150-க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். அவர் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு குடியானவருக்கு 2 கிலோ விதை கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். விதையைப் பூட்டி வைத்திருந்தால் அவருக்கும் கணக்கு நேராக இருந்திருக்கும், நெல் மட்டும் முளைத்திராது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் கூறவேண்டும். பிள்ளைகளை ‘நீங்களே கூட்டாகச் சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டால், தெருவாரியாகச் சேர்ந்துவிடுவார்கள். நமது கிராமங்களில் தெரு என்பதன் பொருள் என்ன என்பதை நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. குழுவைப் பிரிக்கும் வேலை உபாத்தியாயருடையதாகவே இருத்தல் அவசியம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியின் மஞ்சள் வண்டியில் ஏறிப் போய்விட, சர்க்கார் பள்ளியில் எஞ்சியவர் பெரும்பாலும் நடவுக்கும் அறுப்புக்கும் போகும் தாய்மாரின் பிள்ளைகள். வீட்டில் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு புத்தகத்தைக் கண்டிராத அப்பிள்ளைகளுக்குப் பள்ளிப் பீரோ ஒன்றே நூலகம். அதைப் பூட்டுவது அவர்களுக்கே நேரும் நஷ்டம். வண்டியில் போனவர்களுக்கு அதனால் ஒரு குறையுமில்லை.

புத்தகம் காணாமற் போகும் என்ற பயத்துக்கு இம்மண்ணில் பிறந்த ஒருவர் எப்பொழுதோ விடை கூறிவிட்டார். 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலக விதி ஐந்தனுள் முதலாவதாக வைத்தது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அலமாரியைத் திறந்துவிட்டுப் படிப்பவர் தாமே எடுக்கும்படி வைப்பதே முறை என்று அவர் வாதாடினார். அதே 1931-ஆம் வருஷம் அக்டோபரில் மன்னார்குடியில், கனகசபைப் பிள்ளை என்பாரின் முயற்சியால் மாட்டு வண்டியில் அமைத்த நடமாடும் நூலகம் கிராமங்களை நோக்கிப் புறப்பட்டது. ரங்கநாதன் அதற்கு உறுதுணையாயிருந்தார். மழையும் சேறும் உள்ள வண்டிப் பாதையில் புத்தகத்தை அனுப்பத் துணிந்த ஜில்லாவில், பத்தடி தூரத்திலுள்ள பாய்க்கு அனுப்ப அஞ்சுகிறோம்!

சர்க்கார் கணக்கு விதியே இவ்வளவு கடுமையானதன்று என்பதையும் நேயர்கள் அறியவேண்டும். மத்திய சர்க்காரின் பொது நிதி விதிகள், 2017-ல் திருத்தி வெளியிடப்பட்டவை, படிக்கக் கொடுத்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து காணாமற் போவதை நியாயமான நஷ்டமாகவே கொள்ளலாம் என்கின்றன. மோசடியோ அசட்டையோ காரணமாயிருத்தல் கூடாது, அவ்வளவே. கொடுத்த புத்தகங்களுக்கே இக்கணக்கு என்பதைக் கவனிக்க. அதிகம் கொடுத்தவருக்கு அதிகம் மன்னிப்பு உண்டு. பூட்டி வைத்தவருக்கு ஒன்றுமில்லை. பெரியவர்கள் படிக்கும் நூலகத்துக்கே இது என்றால், எட்டு வயதுப் பிள்ளைகள் கையாளும் புத்தகத்துக்கு இன்னும் தாராளமான அளவு வேண்டும். அந்த அளவை எழுத்திலே குறித்து, கிழிவுக்கும் இழப்புக்கும் உபாத்தியாயரின் சம்பளத்தில் கைவைப்பதில்லை என்ற உத்தரவு ஒன்றைக் கல்வி இலாகா ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் அனுப்பிப் பீரோவின் கதவிலேயே ஒட்டச் செய்யவேண்டும் என்பது நமது முதற் கோரிக்கை. பார்வையிட வரும் அதிகாரி இருப்புப் பதிவேட்டுக்கு முன் வழங்கற் பதிவேட்டைக் கேட்கவேண்டும் என்பது இரண்டாவது.

மூன்றாவது கோரிக்கை பொது நூலகத் துறைக்கு. 1948-ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் ஜனங்கள் செலுத்திவருகிறார்கள். ஊர்ப்புற நூலகம் இருக்கும் இடங்களில், பருவத்துக்கு ஒரு பெட்டி புத்தகம் அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்குச் சென்று மாறி வருவதற்கு என்ன தடை? மாட்டு வண்டி கூட வேண்டாம். ஒரு சைக்கிள் போதும்.

இனி ஊர்ப் பொதுக்காரியங்களில் முன்நிற்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்பது சட்டம். அக்குழு கூடும் பொழுதெல்லாம் சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறை பற்றிப் பேச்சு நடக்கிறது, அவை அவசியமே. அடுத்த கூட்டத்தில் அவற்றோடு, பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும், சென்ற மாதம் எத்தனை புத்தகம் வெளியே வந்தது என்றும், அவற்றைக் கொண்டு பிள்ளைகள் கூடிச் செய்த காரியம் என்ன என்றும் கேளுங்கள். உபாத்தியாயரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தொனியில் கேட்கவேண்டாம். காணாமற் போகும் புத்தகத்துக்கு ஊர் பொறுப்பேற்கும் என்று தீர்மானம் ஒன்றை முதலில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.