ஐந்தாண்டுச் சான்றும் அன்றாடக் கூலியும்

கர்நாடகத்தில் தாசில்தார் தரும் வருமானச் சான்று ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். கூலிக்காரனின் வருமானம் ஐந்து மாதமாவது ஒரே அளவில் நிற்குமா? 1996-இல் மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை மூடப்பட்டபோது, மாதச் சம்பளக்காரர்கள் வேலையற்றவர்களானார்கள். 2020 ஊரடங்கில் கட்டட வேலைக்காரர்களும் ஓட்டல் தொழிலாளர்களும் கைகட்டி உட்கார்ந்தார்கள். பெட்டியில் கிடக்கும் சான்று மட்டும் பழைய வருமானத்தையே பேசிக்கொண்டிருந்தது!

கல்லூரிப் பிள்ளை உதவித்தொகைக்கு மனுச் செய்யும்போது, மாநில அரசின் உதவித்தொகைத் தளம் கேட்பது அந்தச் சான்றின் ஆர்.டி. எண்ணைத்தான். எண்ணைப் போட்டால் அன்றைக்கு எழுதிய தொகைதான் கணக்கு. வரம்பை ஆயிரம் ரூபாய் தாண்டினாலும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தகப்பனுக்கு வேலை போனது கணினிக்குத் தெரியுமா? (தமிழ்நாட்டிலிருந்து வந்த பட்டியலினக் குடும்பங்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரு மாநிலத்தின் பட்டியலினத் தகுதி குடிபெயர்ந்தவரோடு மறு மாநிலத்துக்கு வராது என்று 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தனியே எழுத வேண்டும்.)

வருமானம் விழுந்த வீட்டார், "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடலாகாது. அடுத்த வருஷம் பிள்ளை கல்லூரியில் இருக்குமோ, ஊதுபத்திக் கம்பெனியில் இருக்குமோ! நாட-கச்சேரிக்குப் போய், நிலைமை மாறியதைச் சொல்லிப் புதிய சான்று கேளுங்கள். வேலை நின்ற கடிதம், பி.எஃப். கணக்கு, பேங்க் பாஸ்புக், ஆஸ்பத்திரிச் சீட்டு, எது உண்டோ அதை இணையுங்கள். சம்பளச் சீட்டே கண்டிராத கூலிக்காரர், மேஸ்திரியிடம் எழுதி வாங்கலாம். மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்த மொழிதானே.

தாசில்தார் மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள்; உத்தரவை எழுத்தில் கேளுங்கள். சாதி-வருமானச் சான்று பற்றிய அவர் உத்தரவை எதிர்த்து, 1990-ஆம் ஆண்டு கர்நாடக இட ஒதுக்கீட்டுச் சட்டத்தின் 4-பி பிரிவின்படி உதவி ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். சான்று தராமல் இழுத்தடித்தால் 2011-ஆம் ஆண்டு சகாலா சட்டம் இருக்கிறது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், மிஞ்சினால் 500 ரூபாய் இழப்பீடு. ஒருநாள் கூலிக்கும் எட்டாத இந்தத் தொகையை யார் நிர்ணயித்தார்களோ!

ஐந்தாண்டு என்பது நமக்கு அலைச்சலைக் குறைக்க வந்த சலுகைதான். ஏழையானவனைப் பழைய கணக்கில் கட்டிப்போட அது பயன்படக் கூடாது. ஆண்டின் நடுவே வேலை இழந்தவரின் பிள்ளைக்கு அந்த ஆண்டே மறுகணக்கு வேண்டும். இதுவே நாம் அரசிடம் வைக்கும் கோரிக்கை.

மறுப்பு உத்தரவு கைக்கு வந்தவர்கள் தேதி பார்த்துச் சங்கக் கிளைக்கு உடனே எடுத்து வாருங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள்.