தட்டிலே ஓர் ஆலமரம்

“பாவம், மரத்தைப் பட்டினி போட்டல்லவா இப்படிக் குள்ளமாக்கி வைத்திருக்கிறார்கள்!”

போன்சாய் மரத்தை முதல் முறையாகப் பார்க்கிற பலரும் இப்படித்தான் அங்கலாய்ப்பார்கள். பேச்சில் இரக்கம் இருக்கிறது, உண்மைதான் இல்லை. பட்டினி போட்ட மரம் குள்ளமாவதில்லை, செத்துப் போகிறது. வாசலில் நிற்கும் வேப்ப மரத்தை நாம் மாதக்கணக்கில் மறந்திருக்கலாம். தட்டில் இருக்கும் மரத்தைக் கோடையில் ஒரு நாள் மறந்தாலே ஆபத்து. ஆகவே, வேறெந்த மரத்துக்கும் கிடைக்காத உபசாரம் அதற்குத்தான் கிடைக்கிறது.

‘போன்’ என்றால் ஜப்பானிய மொழியில் ஆழமில்லாத தட்டு. ‘சாய்’ என்றால் நடுவது. சீன தேசத்தில் பிறந்த கலை இது. ஜப்பானியர் அதைத் தமதாக்கிக்கொண்டு மெருகேற்றினார்கள். இதற்கென்று குள்ள ஜாதி விதை ஒன்றும் கிடையாது. காட்டில் ஓங்கி வளரும் அதே மரம்தான். தட்டிலிருந்து எடுத்துத் தரையில் நட்டால், விடுதலை கிடைத்ததென்று மளமளவென்று வளரத் தொடங்கிவிடும். மேலே துளிரைக் கிள்ளுகிறோம், கீழே வேரை நறுக்குகிறோம்; இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக நடப்பதால் மரம் சிறியதாக, ஆனால் ஆரோக்கியமாக இருக்கிறது. கிள்ளக் கிள்ள இலை சிறுக்கும். பூவும் காயும் மட்டும் சிறுப்பதில்லை. முழ உயர எலுமிச்சை காய்த்தால், காய் ஊறுகாய் போடுகிற அளவிலேயே இருக்கும்!

எந்த மரத்தில் ஆரம்பிப்பது? படத்தில் பார்த்த குளிர் தேசத்துப் பைன் மரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். அது நம் சமவெளி வெயிலுக்கு ஒத்துவராது. நம்மிடமே ஆல், அரசு, இச்சி இருக்கின்றன. கோயில் மதில் இடுக்கில், ஒரு பிடி மண்கூட இல்லாத இடத்தில், முளைத்து நிமிர்ந்து நிற்கும் ஜாதி அது. அவற்றுக்குத் தட்டே ஓர் அரண்மனை. புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ ஆகியவையும் நன்றாக வரும்.

தட்டின் அடியில் துவாரம் இருக்க வேண்டும். அழகைப் பார்த்துத் துவாரமில்லாத பீங்கான் தட்டை வாங்கினால், மரத்துக்கு அது கிணறு. களிமண் ஆகாது. தோட்டத்து மண், மக்கிய எரு, பருமணல் அல்லது செங்கல் சல்லி மூன்றையும் சம அளவில் கலந்து, மாவு போன்ற தூளைச் சலித்து எடுத்துவிடுங்கள். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் தேவை. மண் இறுகினால் வேர் மூச்சுத் திணறி அழுகும்.

அடுத்தது தண்ணீர். போன்சாய் மரங்களில் பெரும்பாலானவை தண்ணீர்க் கணக்குத் தவறித்தான் சாகின்றன. “தினமும் ஒரு டம்ளர்” என்று சட்டம் போடாதீர்கள். விரலை அரை அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் பேசாமல் இருங்கள். காயத் தொடங்கியிருந்தால், அடித் துவாரத்தின் வழியே வழிகிறவரை பூவாளியால் ஊற்றுங்கள். கோடையில் காலை, மாலை இரு வேளையும் தேவைப்படலாம். அடைமழையில் இரண்டு நாள் வேண்டாமலே போகலாம். வழிந்த நீர் அடித் தட்டில் தேங்கி நிற்கக் கூடாது.

வரவேற்பறை மேஜைக்கு இது அலங்காரப் பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. விருந்தாளி வரும் நாளில் உள்ளே கொண்டுவந்து வையுங்கள். மறுநாள் வெளியே அனுப்பிவிடுங்கள். காலை வெயில் சில மணி நேரமாவது படவேண்டும். சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் மட்டும் கொஞ்சம் நிழல் கொடுக்கலாம்.

ஆல், அரசு போன்றவற்றை ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை தட்டிலிருந்து எடுத்து வேரைப் பார்க்க வேண்டும். தட்டைச் சுற்றிச் சுற்றி வேர் பின்னிக் கிடந்தால் நறுக்கும் காலம் வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கத்தரிக்க வேண்டாம். கடுங்கோடையில் செய்யாமல், வெயில் தணிந்த ஆடி மாதத்தில் செய்வது நல்லது. புது மண்ணில் வைத்த பிறகு இரண்டு வாரம் நிழல். ஒரு மாதம் உரம் கூடாது. அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு உடனே விருந்து வைப்போமா?

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றுவார்கள். ஆல் வகை வேகமாகப் பருக்கும். வாரம் ஒரு முறை பார்த்து, கம்பி பட்டையில் அழுந்துவதற்கு முன்பே துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிடுங்கள். திருகிப் பிரித்தால் கிளை முறியும். உரம் கொஞ்சமாக, அடிக்கடி. துளிர்க்கும் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு சிட்டிகை வேப்பம் புண்ணாக்கு போதும். பஞ்சு போல மாவுப் பூச்சி தெரிந்தால், சோப்புத் தண்ணீரில் சில துளி வேப்பெண்ணெய் கலந்து, மாலை வேளையில் தெளியுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டால் மரம் எத்தனை நாள் இருக்கும்? அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், தேசிய மரத்தோட்டத்தின் போன்சாய்க் காட்சிக்கூடத்தில், ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. அது தட்டில் பழகத் தொடங்கியது 1625-ல்! ஹிரோஷிமா நகரத்து யமாகி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மரம். 1945 ஆகஸ்டு 6-ந் தேதி அணுகுண்டு விழுந்தபோது, அவர்கள் வீடு சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. கண்ணாடி ஜன்னல்கள் நொறுங்கித் தெறித்தன. குடும்பத்தார் சிறு காயங்களோடு பிழைத்தார்கள். தோட்டத்து மதிலின் மறைவில் இருந்த மரமும் பிழைத்தது.

1976-ல் அமெரிக்கா தன் 200-வது ஆண்டு விழாவைக் கொண்டாடியபோது ஜப்பான் 53 போன்சாய் மரங்களைப் பரிசளித்தது. அவற்றில் ஒன்றாக மசாரு யமாகி இந்த மரத்தைக் கொடுத்தார். குண்டு போட்ட நாட்டுக்கே! குண்டுக்குத் தப்பிய மரம் அது என்ற கதை அங்கே பரவலாகத் தெரிய வந்தது 2001-ல். யமாகியின் பேரர்கள் தாத்தாவின் மரத்தைப் பார்க்கப் போனபோது.

இந்த மரம் தன்னந்தனியாக நானூறு ஆண்டு வாழ்ந்துவிடவில்லை. தகப்பன் கையில் இருந்த பூவாளியைப் பிள்ளை வாங்கிக்கொண்டான். கடைசியில், முன்பின் அறியாத வேறொரு நாட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். யுத்தம் வந்தது, சமாதானம் வந்தது. தண்ணீர் ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை.

ஆகையால், தட்டும் கம்பியும் வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு நாள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? பிள்ளையோ, மருமகளோ, அடுத்த வீட்டு மாமியோ, யாராவது ஒருவருக்கு மண்ணில் விரல் விட்டு ஈரம் பார்க்க இப்போதே பழக்கிவிடுங்கள். ஆள் அகப்பட்டுவிட்டால் பிறகு கவலையில்லை. ஆலங்கன்றுக்கு எங்கும் அலைய வேண்டாம். உங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலேயே ஒன்று முளைத்திருக்கும், பாருங்கள்!