ஸ்பேனருக்கு முன் படிக்க வேண்டியது

அமெரிக்காவில் பழைய மசில் கார் வாங்கி வீட்டிலேயே சீர்செய்ய முனைகிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்கிறார்கள். வண்டி கராஜுக்கு வந்த உற்சாகத்தில், கைக்கு எட்டியதையெல்லாம் கழற்றிவிடுகிறார்கள். பிரிக்க நான்கு விடுமுறை நாட்கள் போதும். எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு உரியது என்பது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. பாதியில் நின்றுபோய், பாகங்கள் அட்டைப் பெட்டிகளில் கிடக்க, அப்படியே கைமாறும் கார்கள் அங்கே ஏராளம்.

இந்த வேலை எப்படி நடக்கிறது, அதில் சக ஆர்வலர்களின் உதவி எங்கே தேவைப்படுகிறது என்பதை ஒரே ஒரு காரை வைத்துப் பார்க்கலாம். அந்தக் கார் போன்டியாக் ஜிடிஓ.

மசில் கார் என்பது நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரில், பெரிய காருக்கு உரிய வி-8 இன்ஜினைப் பொருத்திய வண்டி. வி-8 இன்ஜினில் நான்கு நான்காக இரண்டு வரிசைகளில் எட்டு சிலிண்டர்கள் சாய்ந்து நிற்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் அப்போது ஓர் உள்விதி இருந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்பது அந்த விதி. அதன் போன்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடன் இருந்தவர்களும் 1964 மாடலில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். 389 கன அங்குல இன்ஜினை, அதாவது ஏறக்குறைய 6.4 லிட்டர் இன்ஜினை, தனி மாடலாக அறிவிக்கவில்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான கூடுதல் வசதிப் பட்டியலில் அதை ஜிடிஓ என்ற பெயரில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்கள். கூடுதல் விலை 300 டாலருக்குச் சற்றுக் குறைவு. முதல் ஆண்டில் 32,450 வண்டிகள் போயின. 1966-ல் அது 96,946 ஆனது.

அன்று செய்த அந்தத் தந்திரம் இன்று கராஜில் நிற்பவரைத் தொல்லைப்படுத்துகிறது. கூடுதல் வசதி என்ற பெயரில் விற்றதால், 1964, 1965 வண்டிகளின் சேஸிஸ் எண்ணில் ஜிடிஓ என்பதற்கு அடையாளமே கிடையாது. சாதாரண லெமான்ஸ் காருக்கும் அதே வகை எண்தான். 1966-ல்தான் ஜிடிஓ தனி மாடலானது. அந்த ஆண்டு வண்டியின் எண் 242 என்று தொடங்கும். டிரைவர் பக்கக் கதவின் கீல் மாட்டிய தூணில் அந்த எண் பதித்த சிறு தகடு இருக்கும்.

ஆகவே 1965 லெமான்ஸ் ஒன்றுக்கு ஜிடிஓ பானெட்டும் சின்னமும் மாட்டி விற்பது எளிது. இத்தகைய வண்டியை ஆர்வலர்கள் குளோன் என்கிறார்கள். குளோன் என்று சொல்லியே விற்றால் அதில் தவறில்லை. சொல்லாமல் விற்றால் வாங்கியவருக்குப் பெரிய நட்டம். சரிபார்க்க வழி உண்டு. போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பிடம் தொழிற்சாலையின் பழைய பில் பதிவுகள் உள்ளன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அந்த வண்டி எந்தெந்த வசதிகளோடு வெளியே வந்தது என்பதற்கான நகல் கிடைக்கும்.

அடுத்துப் படிக்க வேண்டியது இன்ஜினை. 326 கன அங்குலத்திலிருந்து 455 வரை, போன்டியாக் வி-8 இன்ஜின்கள் வெளிப்பார்வைக்கு ஏறத்தாழ ஒரே அளவு. எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முன்பக்கம் வலது வரிசையில் குறியீடு ஒன்று பதிந்திருக்கும். இரும்பை வார்த்த தேதியும் இன்ஜின் உடலிலேயே இருக்கும். முதலில் வரும் ஆங்கில எழுத்து மாதம், அடுத்து நாள், கடைசி இலக்கம் ஆண்டு. ‘சி165’ என்றிருந்தால் 1965 மார்ச் 16. கார் ஜனவரியில் கட்டப்பட்டு, இன்ஜின் மார்ச்சில் வார்க்கப்பட்டிருந்தால், அது அந்தக் காரோடு பிறந்த இன்ஜின் அல்ல. காரும் அதன் முக்கியப் பாகங்களும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதை மேட்சிங் நம்பர்ஸ் என்கிறார்கள். விலையைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

ஆர்வலர்களின் முதல் உதவி இங்கேதான். ஐம்பது ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால் எழுத்து பாதிதான் தெரியும். அது எட்டா, மூன்றா என்று சொல்ல, அதேபோல் நாற்பது இன்ஜினைப் பார்த்த கண் வேண்டும். ஜிடிஓ உரிமையாளர்களுக்கென்று 1979 முதல் தேசிய அளவில் ஒரு சங்கம் இயங்குகிறது. அதன் உள்ளூர்க் கிளைக் கூட்டங்களில் இத்தகைய கண்கள் உண்டு. கார்புரேட்டர் அடுத்த ஆண்டு மாடலுடையது, ஆல்டர்னேட்டர் பிராக்கெட் வேறு வண்டியுடையது என்பதையெல்லாம் பார்த்ததும் சொல்வார்கள். தொழிற்சாலைக் கையேடு அந்தப் பாகத்தை எப்படிக் கழற்றுவது என்று சொல்லும். அது அங்கே இருக்க வேண்டிய பாகம்தானா என்று சொல்லாது.

பிரிப்பதற்கான விதிகள் எளியவை. கழற்றுமுன் புகைப்படம், கழற்றியதும் பை, பையின் மேல் பெயர். துருப்பிடித்துப் போனதானாலும் பழைய பாகத்தை உடனே எறியக் கூடாது. புதிதாகச் செய்து விற்கும் பாகங்களில் ஓட்டை சில சமயம் அரை அங்குலம் தள்ளி இருக்கும். அளவு பார்க்கப் பழையதுதான் துணை.

உடல் வேலைக்கு வருவோம். நம் ஊர்ப் பட்டறையில் டிங்கரிங் என்று சொல்கிற வேலைதான். ஜிடிஓவில் துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பது தெரிந்த கதை. பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள பளபளப்புப் பட்டையைப் பிடித்து நிறுத்தும் சிறு கொக்கிகளின் அடியில் நீர் தங்கும். அங்கே தகடு அரிக்கும். அந்த நீர் டிக்கிக்குள் வடிந்து அதன் தரையை அரிக்கும். பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியும் காலடித் தகடும் அடுத்த இலக்குகள். மேலே பெயின்ட் நன்றாக இருந்தாலும் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டிப் பார்ப்பார்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே இருப்பது பட்டி.

தகட்டை வெட்டுமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. இந்தக் காரில் அடியில் கனத்த சேஸிஸ் தனி, மேலே உடல் தனி. இடையில் ரப்பர் கட்டைகள். உடலைச் சேஸிஸிலிருந்து தூக்கினாலோ, தரைத் தகட்டை வெட்டினாலோ, அதன் இறுக்கம் போய்விடும். கதவு திறப்பு கால் அங்குலம் சாய்ந்தால் போதும், புதுத் தகட்டைப் பற்றவைத்த பின் கதவு சாத்தாது. அதனால் கதவு திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவார்கள். பற்றவைப்பதிலும் பொறுமை வேண்டும். ஒரே இழுப்பில் போனால் சூட்டில் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி அடுத்த பொட்டு, ஆறவிட்டு மீண்டும் நடுவில் ஒன்று. நடுநடுவே கதவை மாட்டிச் சாத்திப் பார்ப்பார்கள். பானெட்டைத் தனியாகப் பொருத்த முடியாது. இரண்டு பேர் இரு புறமும் பிடிக்க, மூன்றாமவர் போல்டை முடுக்க வேண்டும். நண்பர் கூட்டம் என்ற சொல்லுக்கு மிக நேரடியான பொருள் அதுதான்.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இன்றைய கார் பெயின்டின் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்கக் கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. கூரை இணைப்புகளை அன்று ஈயம் வைத்து நிரப்பினார்கள். அதைத் தேய்த்துத் தூளாக்கக் கூடாது.

இன்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கி இறக்கிய பின், முதலில் ஆயில் சம்பைக் கழற்றிப் பார்ப்பது வழக்கம். சம்பின் அடியில் பழுப்பு நிறத்தில் நகத்துண்டு போன்ற பிளாஸ்டிக் சில்லுகள் கிடந்தால் அனுபவசாலிகள் வியப்படைய மாட்டார்கள். கேம்ஷாஃப்டைச் சுழற்றும் பல்சக்கரத்தில் சத்தம் குறைய நைலான் பற்களை வைத்திருந்தார்கள். வயதாகி அவை உடைந்து விழும். சிலிண்டர் தேய்மானத்தை அளந்து, தேவையானால் ரீபோர் செய்ய, இன்ஜின் மெஷின் ஷாப்புக்குப் போக வேண்டும். நம் ஊர் லேத் பட்டறையின் பெரிய அண்ணன் என்று அதைச் சொல்லலாம். இது வீட்டில் நடக்கிற வேலை அல்ல. பிஸ்டனை மாற்றும்போது இன்னொரு கணக்கும் உண்டு. தொழிற்சாலை 10.75-க்கு 1 என்ற அழுத்த விகிதத்தை வைத்தது, அன்றைய ஈயம் கலந்த உயர்தரப் பெட்ரோலை நம்பி. இன்றைய பம்பில் அது கிடைக்காததால், விகிதத்தைச் சற்றுக் குறைத்துக் கட்டுகிறார்கள்.

திரும்பக் கட்டிய இன்ஜினின் முதல் இருபது நிமிடங்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். கேம்ஷாஃப்ட் என்பது மேடுகள் கொண்ட சுழல்தண்டு. ஒவ்வொரு மேடும் ஒரு டேப்பட்டைத் தூக்கும். டேப்பட் தூக்குவதால் வால்வு திறக்கும். டேப்பட்டின் அடிமுகம் பார்வைக்குத் தட்டை. நேரான எஃகு அளவுகோலை அதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், நடுவில் மயிரிழை உயர்ந்திருப்பது தெரியும். கேம் மேடும் மயிரிழை சரிவாகக் கடையப்பட்டது. இந்த இரண்டு சிறு சாய்வுகளும் சேர்ந்து, டேப்பட் மேலும் கீழும் போகும்போதே தன்னைத் தானே சுழலவும் வைக்கின்றன. சுழன்றால் தேய்மானம் வட்டம் முழுவதும் பரவும். சுழலாவிட்டால் ஒரே இடத்தில் உராய்ந்து, புது மேடு சில நிமிடங்களில் தேய்ந்துபோகும். அந்த இரும்புத் தூள் ஆயிலோடு ஓடி, புது பேரிங்குகளையும் அரிக்கும்.

இந்த மேடுகளுக்கு ஆயில் பெரும்பாலும் தெறித்துத்தான் கிடைக்கிறது. கிராங்க்ஷாஃப்ட் சுழலும்போது தெறிப்பது அது. மெதுவாக ஓடினால் தெறிப்பு போதாது. அதனால் புது கேம் போட்ட இன்ஜினை ஐட்லிங்கில் விடக் கூடாது. உயிர் வந்ததும் 2,000 சுற்றுக்கு மேலே ஏற்றி, சற்றே ஏற்றியும் இறக்கியும் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். ஆயிலும் தனி. துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்க்கைப் பொருள் உராய்வைத் தாங்கும் படலம் தரும். அந்தப் பாஸ்பரஸ் நவீன கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கருவியைக் கெடுப்பதால், இன்றைய ஆயில்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். கடையில் கையில் கிடைத்த ஆயிலை ஊற்றிப் புது கேமை இழந்தவர்கள் உண்டு.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு கம்பியை இறக்கி, டிரில்லிங் மெஷினால் ஆயில் பம்பைச் சுழற்றுவார்கள். மேலே ராக்கர்களில் ஆயில் கசியும்வரை இது நடக்கும். அதன் பிறகு ஆள் தேவை. ஒருவர் ஆக்சிலரேட்டரைப் பிடித்துச் சுற்றையும் ஆயில் பிரஷரையும் பார்க்க வேண்டும். ஒருவர் ரேடியேட்டர் சூட்டைப் பார்க்க வேண்டும். ஒருவர் குழாய் இணைப்புகளில் ஒழுகல் தேட, இன்னொருவர் தீயணைப்பானோடு நிற்க வேண்டும். தனி ஆளால் இந்த நான்கும் முடியாது. அந்தச் சனிக்கிழமைக்கு நண்பர்கள் கேட்காமலே வருவார்கள். இருபது நிமிடமும் யாரும் அதிகம் பேச மாட்டார்கள் என்பது வேறு விஷயம். பேசினாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது.

உதவிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்க போன்டியாக் கயிறு போன்ற சீலைப் பயன்படுத்தியது. அதையே போடுவதா, ரப்பர் சீல் போடுவதா என்ற விவாதம் முடிந்தபாடில்லை. அந்தச் சீலைத் தன் கையால் எத்தனை முறை மாற்றினார், எத்தனை முறை கசிந்தது என்று சொல்கிறவர் சொல்லுக்கு எடை கூடுதல். மற்றவர்கள் கேள்விப்பட்டதைச் சொல்கிறார்கள்.

எல்லாம் அசலாகவே இருக்க வேண்டுமா என்ற கேள்வி பிரேக்கில் வந்து நிற்கிறது. 1966 ஜிடிஓவின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே ஒரு அறை. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் அதிலிருந்தே போகிறது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போச்சு. அடுத்த மாடலிலேயே இரண்டு அறை வந்துவிட்டது. போட்டிகளில் காரை மதிப்பிடும் நடுவர் அந்த ஒற்றை அறையைத்தான் எதிர்பார்ப்பார். சாலையில் ஓட்டுபவரின் குடும்பம் அதை எதிர்பார்க்காது. அருங்காட்சியகத்துக்குப் போகிற வண்டி வேறு. ஞாயிறுதோறும் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வண்டியானால், இரட்டை அறை போடுவது தவறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உடலில் புது ஓட்டை போடாமல், பழைய போல்ட் இடத்திலேயே மாட்ட முடிந்தால் நல்லது. கழற்றிய பழைய மாஸ்டர் சிலிண்டரைத் துடைத்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, தேதி எழுதி அலமாரியில் வைத்தால், காரை அடுத்து வாங்குகிறவர் தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்வார்.