மாநாட்டு மண்டபத்துக்கும் கொமினிகேஷன் கடைக்கும் இடையில்



உயர்கல்வியில் தகவல் தொழில்நுட்பம் பற்றிய மாநாடுகள் நம் நாட்டில் இப்போது புதினமல்ல. யூ.சி.எஸ்.சி. என்று நாம் சொல்லும் கொழும்புப் பல்கலைக்கழக கணினிக் கல்லூரி வருடா வருடம் நடத்தும் சர்வதேச மாநாட்டின் பெயரிலேயே 'வளர்ந்துவரும் பிராந்தியங்கள்' என்ற சொல் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில், ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஆய்வரங்குகள் நடத்துகிறது. படங்கள் பேஸ்புக்கில் வரும். மேடை, பதாகை, நினைவுச்சின்னம், கடைசியில் ஒரு குழுப்படம். நாமும் லைக் போட்டு ஷெயார் பண்ணுகிறோம். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஊரில் சொல்வதற்கு ஆளில்லை.

ஆய்வாளர்கள் கூடிப் பேசத்தான் வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 'பிராந்தியம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. பிராந்தியம் என்பது மண்டபம் இருக்கும் இடமா, அந்த மண்டபத்தைச் சுற்றி வாழும் பிள்ளைகளா?

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு நம் ஊர்களில் நடப்பதைப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் இருக்கிறது. ஆனால் அநேக பிள்ளைகள் அதைத் திறந்து பார்ப்பதில்லை. வாப்பாவுடன் கொமினிகேஷன் கடைக்குப் போகிறார்கள். கடைத் தம்பி கேட்கக் கேட்க இவர்கள் சொல்கிறார்கள், அவர் தட்டுகிறார். எந்தப் பாடநெறி முதலாவது, எது இரண்டாவது என்ற ஒழுங்கு அங்கே பத்து நிமிடத்தில் முடிவாகிறது. அந்த ஒழுங்கையும் இஸட் புள்ளியையும் வைத்துத்தான் அனுமதி கிடைக்கும். பதின்மூன்று வருடப் படிப்பின் பலன், பின்னால் வரிசையில் நிற்பவரின் அவசரத்தில் தீர்மானமாகிறது. கடைத் தம்பியில் குற்றமில்லை. அவர் தன் தொழிலைச் செய்கிறார்.

அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை மூன்றும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. அதற்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு. ஒதுக்கீடு தந்த அரசாங்கம், அதைப் பெறுவதற்கான வாசலை இணையத்தில் வைத்திருக்கிறது. அந்த வாசலைத் தானாகத் திறக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒதுக்கீட்டின் முழுப் பயன் கிடைக்குமா? உயர்கல்வியில் தகவல் தொழில்நுட்பம் என்ற விடயம் நம் பிள்ளைகளுக்குத் தொடங்கும் இடம் இதுதான். விரிவுரை மண்டபம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் மூடப்பட்டபோது ஒரு நல்ல காரியம் நடந்தது. லேர்ண் என்ற நம் பல்கலைக்கழகங்களின் பொது வலையமைப்பு ஊடாக ஸூம் விரிவுரைகள் தொடங்கின. பல்கலைக்கழகச் சேவையகங்களுக்குப் போகும் டேட்டாவுக்குக் கட்டணம் வேண்டாம் என்று தொலைபேசி நிறுவனங்களோடு பேசி முடித்தார்கள். அதனால்தான் ரீலோட் போடக் காசில்லாத வீட்டுப் பிள்ளையும் விரிவுரையில் இருந்தது. அன்று கைகொடுத்தது புதிய கண்டுபிடிப்பு எதுவுமல்ல. பிள்ளையின் கையில் எவ்வளவு காசு இருக்கும் என்று யோசித்து எடுத்த ஒரு தீர்மானம்.

அதே காலத்தில் வேறொன்றும் தெரிய வந்தது. பல வீடுகளில் ஒரு போன்தான். அது வாப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரண்டாவது போன் இருந்தால் அது மகனின் கையில். மகள், நானா வீட்டுக்கு வந்த பிறகு நோட்ஸை எடுத்து எழுதிக்கொண்டாள். லெப்டொப் இல்லாமல் போன் திரையிலேயே ஒப்படை செய்து அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். ஒரு மாநாட்டில் 'மாணவர் ஈடுபாடு குறைவு' என்று ஒரு வரி வாசிக்கப்படும்போது, அதற்குப் பின்னால் இப்படி ஒரு வீடு இருக்கலாம் என்பது அங்கே சொல்லப்பட வேண்டும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் பல்கலைக்கழகத் தகைமை பெறுகிறார்கள். இடம் கிடைப்பது அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவானோருக்கே. மீதிப் பேருக்கு 'செலக்ட் ஆகவில்லை' என்ற சொல்தான் மிச்சம். ஆனால் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பி.ஐ.ரி. என்ற வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை யூ.சி.எஸ்.சி. நடத்துகிறது. வெட்டுப்புள்ளி இல்லாமலே சேரலாம், வீட்டிலிருந்தே படிக்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசப் பாடநெறிகள் நடத்துகிறது. தொழில்நுட்பம் உயர்கல்விக்குச் செய்த பெரிய உபகாரம் இதுதான். மதிலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கும் அது ஒரு வழி வைத்தது.

அந்த வழியில் நம் பிள்ளைகளை மறிப்பது மொழி. சாதாரண தரம், உயர்தரம் எல்லாம் தமிழில் படித்துவிட்டு, கணினிப் பாடத்தை முதல் நாளிலேயே ஆங்கிலத்தில் கேட்கும் பிள்ளை திகைக்கிறது. அது மூளையின் குறையல்ல, பாலம் இல்லாத குறை. ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழில் இருபது நிமிட அறிமுகம் ஒன்றும், தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள ஒரு சொற்பட்டியலும் இருந்தால் முதல் வருடத்தைத் தாண்டிவிடுவார்கள்.

எனவே இப்படியான மாநாடுகளை நடத்தும் நம் பெரியவர்களிடம் மரியாதையோடு நான்கு விடயங்களைக் கேட்கிறோம்.

1. சமர்ப்பிக்கப்படும் ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் தமிழிலும் சிங்களத்திலும் வரட்டும். ஆசிரியர்களும் அதிபர்களும் வாசிப்பார்கள்.

2. ஓர் அமர்வாவது ஊருக்குத் திறந்திருக்கட்டும். பாடசாலை ஆசிரியர்கள், பெற்றோர், முதல் வருட மாணவர்கள் பேச, ஆய்வாளர்கள் கேட்கட்டும்.

3. விரிவுரைகள் வீடியோவாக மட்டும் இல்லாமல் ஒலிப்பதிவாகவும், சிறிய பி.டி.எஃப். கோப்பாகவும் கிடைக்கட்டும். டேட்டா கார்ட் சீக்கிரம் முடியும் வீட்டுக்கு இது பெரிய உதவி.

4. விண்ணப்பக் காலத்தில் ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் உள்ள பல்கலைக்கழகக் கணினி கூடங்களை இரண்டு சனிக்கிழமைகளுக்குத் திறந்து கொடுங்கள். மூத்த மாணவர்கள் பக்கத்தில் இருந்து வழிகாட்ட, பிள்ளைகள் தங்கள் விண்ணப்பத்தைத் தாங்களே நிரப்பட்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் வேண்டாம், வெளிநாட்டு நிதியும் வேண்டாம்.

ஊருக்கும் பங்கு இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வருடா வருடம் சித்தியடைந்த பிள்ளைகளைப் பாராட்டி விழா எடுக்கின்றன. நல்லது. ஆனால் அந்தப் பதாகைச் செலவில், நூலகத்தில் இரண்டு பழைய கணினிகளும் ஓர் இணைய இணைப்பும் வைக்கலாம். பெண் பிள்ளைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்கினால் பெற்றோரும் தயக்கமின்றி அனுப்புவார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் தம்பி தங்கைகள் விடுமுறையில் வந்து இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தால் போதும். மகளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுப்பது செல்லம் என்று நினைக்கும் வாப்பாமார், அதைப் பாடப் புத்தகத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாநாடு முடிந்து ஒரு வருடம் கழித்து ஒரே ஒரு கணக்குப் பார்ப்போம். எத்தனை ஆய்வுகள் வந்தன, எத்தனை நாட்டிலிருந்து வந்தார்கள் என்ற கணக்கு அவர்களிடம் இருக்கும். நம் பாடசாலைகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் தங்கள் விண்ணப்பத்தைத் தாங்களே நிரப்பினார்கள் என்பதை நாம் எண்ணுவோம். அந்த எண்ணிக்கை கூடினால் அந்த மாநாடு நம் பிராந்தியத்தில் நடந்தது என்று சொல்லலாம், இன்ஷா அல்லாஹ்.

பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்களாக இருக்கும் நம் ஊர்ச் சகோதரர்களின் கண்ணில் இது படட்டும். அவர்களை டெக் பண்ணுங்கள். நான்கில் எது உடனே முடியும், எது கஷ்டம் என்று கமெண்டில் அவர்களே சொல்லட்டும். அங்கிருந்து தொடங்குவோம்.