மூன்று வினாடி!

கூடைப்பந்து ஆட்டம். இன்னும் சில வினாடிகளே பாக்கி. நடுவர் விசில் ஊதுகிறார். "தப்பு, தப்பு!" என்று பாதிக் கூட்டம் கத்துகிறது.

நடுவர் சொன்னது உண்மையிலேயே தப்பாக இருந்தால்? அதைத் திருத்த முடியுமா?

சில தவறுகளைத் திருத்தலாம். அதற்கும் கெடு உண்டு.

ஒரு வீரர் யாரும் மறிக்காமல் கூடையில் பந்து போடுவதற்கு 'பிரீ துரோ' என்று பெயர். எதிரி செய்த தவறுக்காக இது கிடைக்கும். அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால், சர்வதேச விதிப்படி திருத்தலாம். ஆனால் ஆட்டம் ஓடி, அடுத்த முறை நின்றவுடன் கண்டுபிடித்தாக வேண்டும். பந்து மறுபடி ஆட்டத்துக்கு வந்துவிட்டால் அவ்வளவுதான்!

'தள்ளினானா, தள்ளவில்லையா' என்ற சண்டைக்கு இந்த விதியில் இடம் இல்லை.

அமெரிக்காவின் என்.பி.ஏ. பந்தயங்களில் 2019 முதல் பயிற்சியாளர் ஆட்சேபம் எழுப்பலாம். நடுவர்கள் படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். கடைசி 2 நிமிடத்தில் நடுவர் எங்கே தவறினார் என்று 2015 முதல் அறிக்கையும் வெளியிடுகிறார்கள். முடிவு மட்டும் மாறாது. தோற்றவனுக்கு அது வெந்த புண்ணில் வேல்தான்!

52 வினாடி ஆட்டம்

அபூர்வமாக முடிவையே ரத்து செய்ததும் உண்டு. 2007 டிசம்பர் 19-ந் தேதி அட்லாண்டாவில், மியாமி வீரர் ஷாக்கில் ஓ'நீல் 6 தவறு செய்ததாகச் சொல்லி வெளியேற்றப்பட்டார். அவர் செய்தது 5 தான்! கணக்கு எழுதியவர்கள் கூட்டி எழுதிவிட்டார்கள்.

மியாமி புகார் செய்தது. 2008 மார்ச் 8-ந் தேதி, மிச்சம் இருந்த 51.9 வினாடியை மட்டும் மறுபடி ஆடினார்கள். ஒரு பாயிண்டுகூட விழவில்லை. அட்லாண்டாவுக்கே வெற்றி. ஓ'நீல்? அதற்குள் வேறு கோஷ்டிக்குப் போய்விட்டார்!

அங்கே முறைப்படி திருத்தினார்கள். மியூனிச்சில் நடந்தது வேறு.

விரலைக் காட்டினார்

1972 செப்டம்பர். ஒலிம்பிக் இறுதி ஆட்டம். அமெரிக்காவும் ரஷியாவும் மோதின. அமெரிக்கா ஒலிம்பிக் கூடைப்பந்தில் அதுவரை தோற்றதே இல்லை.

3 வினாடி பாக்கி. அமெரிக்கா 50, ரஷியா 49. ரஷியர்கள் பந்தை எறிந்தார்கள். உடனே கணக்கு மேஜை அருகே ரகளை. "இடைவேளை கேட்டோம், தரவில்லை" என்றார்கள் ரஷியர்கள். ஆட்டம் நின்றது. 1 வினாடி இருந்தது.

சர்வதேச கூடைப்பந்துச் சங்கச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்தார். மூன்று விரலைக் காட்டினார். 3 வினாடி திரும்பக் கொடுக்கப்பட்டது!

மறுபடி எறிந்தார்கள். பாயிண்டு விழவில்லை. மணி அடித்தது. அமெரிக்கர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

"கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைக்கவில்லை. இன்னொரு முறை!"

மூன்றாவது தடவை அலெக்சாண்டர் பெலோவ் பந்தைக் கூடையில் போட்டார். ரஷியா 51, அமெரிக்கா 50!

ரஷியர்கள் கேட்டதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அதைத் தீர்க்க வேண்டியவர் நடுவர். செயலாளருக்கு அந்த அதிகாரம் ஏது?

பிரேசில் நாட்டு நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ கணக்குத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். அமெரிக்காவின் அப்பீலை 5 பேர் குழு தள்ளியது.

அமெரிக்க வீரர்கள் 12 பேரும் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவில்லை. கேப்டன் கென்னி டேவிஸ் ஒரு படி மேலே போனார். "என் மனைவி, மக்கள் யாரும் அந்தப் பதக்கத்தை வாங்கக்கூடாது" என்று உயிலிலேயே எழுதி வைத்தார்.